திரைக்குப் பின்னால் நின்ற வண்டி

ஆய்க்குடி முத்துவடிவம்மாள் போன மாசியில் கண்ணை மூடினாள். இன்றைக்கும் அவளைப் பற்றி ஊரில் ரெண்டு விதமாகப் பேசுகிறார்கள். கட்டின புருஷனையே அடையாளம் தெரியாத மக்கு என்று ஒரு கூட்டம். தெரிந்துகொண்டே இல்லை என்று சொன்ன நெஞ்சழுத்தக்காரி என்று இன்னொரு கூட்டம். ரெண்டும் பொய். அப்படிப் பேசுகிற வாயில் மண்ணைத்தான் அள்ளிப் போடவேண்டும். நடந்தது எனக்குத் தெரியும். ஏனென்றால் அதில் பாதித் தப்பு நான் செய்தது.

நான் குத்தாலிங்கம். குழல்வாய்மொழி டூரிங் டாக்கீஸில் பதினாறு வருஷம் ஆப்பரேட்டராக இருந்தவன். தகரப் பெட்டிக்குள் நின்று வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சியை எரியவிட்டு, ரீலை மாட்டி, ரீலைக் கழற்றி, முன்னால் இருக்கிறவன் விசிலடித்தால் அவனை உள்ளேயிருந்தபடியே திட்டி, இப்படியே போய்விட்டது என் காலம். ஒரே ஒரு புரொஜெக்டர்தான். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்குப் போடுவோம். அந்த ரெண்டு நிமிஷத்துக்குள் முறுக்குக்காரன் டெண்டைச் சுற்றி வந்துவிடுவான்.

தென்காசியிலிருந்து இலஞ்சி போகிற ரோட்டோரம் ஒரு தரிசில் எங்கள் டெண்டு. மற்ற டூரிங் கொட்டகைகளில் திரைக்குப் பின்னால் ஓலையை வைத்து அடைத்திருப்பார்கள். எங்கள் முதலாளி சிவனணைந்தபெருமாள் அடைக்கவில்லை. அவர் மூளை எப்போதும் கோணலாகத்தான் ஓடும், ஆனால் எங்கேயாவது போய்ச் சேர்ந்துவிடும். பெரிய வீட்டுப் பெண்கள் டெண்டுக்குள் வந்து ஊரோடு ஊராக மணலில் உட்காரமாட்டார்கள் அல்லவா? அவர்கள் கூண்டு வண்டியிலேயே வரட்டும், வண்டியிலேயே இருந்து பார்க்கட்டும் என்று திரைக்குப் பின்பக்கத்தைத் திறந்து போட்டார். வண்டிகள் அந்தப் பக்கமாக வந்து திரும்பும். வண்டியின் பின்வாசல் திரையைப் பார்த்திருக்கும்படி நிறுத்தி, மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வண்டிக்காரன் பீடி பிடிக்கப் போய்விடுவான். உள்ளே இருக்கிற பெண்கள் படுதாவை நாலு விரக்கடை விலக்கிக்கொண்டு படம் பார்ப்பார்கள். ஒருத்தர் முகமும் வெளியே தெரியாது. எத்தனை பேர் உள்ளே அடைந்திருந்தாலும் வண்டிக்கு ஒரே டிக்கெட்.

பின்பக்கத்துக்கு வெளிச்சம் ஊடுருவ வேண்டுமே, அதற்காகத் திரைத் துணியை ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் அடித்து நனைப்போம். மல்துணி நனைந்தால் பின்னால் படம் பளிச்சென்று விழும். ஒன்றே ஒன்று, இடம் வலம் மாறித் தெரியும். எழுத்துப் படித்தவனுக்கு ஒரு நொடியில் விளங்கிவிடும், எழுத்தெல்லாம் திரும்பி நிற்குமே. ஆனால் அந்த வண்டிகளுக்குள் இருந்தவர்களில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் சொற்பம். தெரிந்தவர்களும் எழுத்து ஓடுகிற நேரத்தில் சேவுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள் மேலகரத்து ஆச்சி ஒருத்தி ஆட்டம் முடிந்து வண்டி கிளம்புகிற நேரத்தில் முதலாளியைக் கூப்பிட்டு, "ஏன் அண்ணாச்சி, இந்த சினிமாக்காரனுவ எல்லாரும் பீச்சாங்கையாலதான் சோறு திங்கானுவளே, ஒரு ஆசாரம் கிடையாதா? பொம்பளைகளும் முந்தியை வலது தோள்லல்லா போட்டுக்கிட்டு அலையுதாளுவ, மெட்ராஸ்ல இதான் பேஷனோ?" என்று கேட்டாள்.

முதலாளி கண்ணை உருட்டிக்கொண்டு, "ஆமா ஆச்சி, மெட்ராஸ்ல எல்லாம் அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டு என் பெட்டிக்கு ஓடி வந்தார். ரெண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். "ஏலே குத்தாலிங்கம், யாருகிட்டயும் சொல்லிராதலே. இப்படியே நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்" என்றார். நானும் சொல்லவில்லை. பீச்சாங்கைக் கதை பின்பக்கத்து வண்டி ஒவ்வொன்றிலும் பரவி, சினிமாக்காரர்கள் எல்லாரும் இடதுகைக்காரர்கள் என்பது தென்காசி வட்டாரத்துப் பெரிய வீடுகளில் முடிவான சங்கதியாகவே ஆகிவிட்டது. நாங்கள் சிரித்துக்கொண்டே இருந்தோம். சிரித்த வாயை இப்போது நினைத்தால் எனக்கே அடிக்கத் தோன்றுகிறது.

முத்துவடிவு கதைக்கு வருகிறேன். நாற்பத்தொன்பதில் அவளுக்குக் கல்யாணம், பதினேழு வயசு. மாப்பிள்ளை ஆய்க்குடிப் பெரிய வீட்டின் இளையவன் காந்திமதிநாதன். நஞ்சையும் கோயில் மரியாதையும் உள்ள குடும்பம். மாப்பிள்ளைக்கோ நாடகப் பைத்தியம். அவனுக்கு அப்பா ஸ்தானத்தில் இருந்தவர் அண்ணன் பால்வண்ணநாதன். சினிமா, நாடகம் என்றாலே அவருக்கு வேப்பெண்ணெய் குடித்த முகம்தான். திருவிழாவில் தம்பி முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு மேடையில் ஏறினதைப் பார்த்துவிட்டு, நடுவீதியில் வைத்து, "கூத்தாடிக்கு என் வீட்டுல சோறு கிடையாது" என்று சொல்லிவிட்டார். தம்பிக்கும் ரோஷம். பொங்கலுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது, பெரிய நடிகனாகத்தான் இந்த ஊரில் கால் வைப்பேன் என்று சொல்லிவிட்டு மெட்ராஸுக்கு ரயிலேறிவிட்டான். எட்டு மாசம்தான் அவன் அவளோடு இருந்தது. பிறகு ஒரு கடுதாசி இல்லை, ஒரு ஆள் மூலமாகச் சொல்லிவிட்டது இல்லை. இருக்கிறானா செத்தானா என்றே யாருக்கும் தெரியாது.

அவனிடம் ஓர் அடையாளம் உண்டு. சின்ன வயசில் ஐந்தருவிப் பாறையில் வழுக்கி விழுந்து இடது புருவம் நடுவில் பிளந்து, அந்த இடத்தில் அப்புறம் முடியே முளைக்கவில்லை. "அந்தப் பிளவுல என் சுண்டுவிரல் சரியா உக்காரும் அண்ணாச்சி" என்று முத்துவடிவு பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள். அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயசு, உடம்பில் வெள்ளைச் சேலை.

காணாமல் போனவன் பன்னிரண்டு வருஷம் திரும்பவில்லை என்றால் தர்ப்பையில் ஓர் உருவம் செய்து, அதை அவனாகவே வைத்துக் கொள்ளிபோட்டுக் கருமாதி செய்துவிடுவது அந்தக் குடும்பங்களில் வழக்கம். பெண்டாட்டிக்குத் தாலி இறங்கும். அறுபத்திரண்டு தையோடு பன்னிரண்டு முடிகிறது. அறுபத்தொன்றிலேயே வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது. முத்துவடிவு மூத்தாரான பால்வண்ணநாதன் முன்னால் வந்து நிற்கிற வழக்கமே கிடையாது. கதவுக்குப் பின்னாலேயே நின்று, அவர் மனைவி, ஓரகத்தி சொக்கம்மாள் மூலமாகச் சொல்லிவிடுவாள்: "உசிரோட இருக்காகன்னு என் மனசு சொல்லுது. இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லுங்க அக்கா." பன்னிரண்டு வருஷம் பொறுத்தவளுக்கு ஒரு தை மாசம் எப்படி ஓடி வருகிறது பாருங்கள்.

அந்த ஆவணியில் எங்கள் டெண்டில் ஒரு ராஜா கதைப் படம் போட்டோம். மூன்றே நாள். ரெண்டாம் நாள் ஆட்டம் பார்த்துவிட்டு ஆய்க்குடி எண்ணெய்க்கடை ஞானசம்பந்தம் நேரே பெரிய வீட்டுக்கு ஓடியிருக்கிறார். "அரசவையில ராசாவுக்குப் பக்கத்துல சாமரம் வீசிக்கிட்டு நிக்கான் ஒருத்தன். மீசை ஒட்டிருக்கு, தலைப்பாகை கட்டிருக்கு, ஆளு மெலிஞ்சு போயிருக்கான். ஆனா நம்ம காந்திமதி மாதிரியே இருக்கு. புருவத்துல வெட்டுகூட இருக்கு!"

வெட்டு இருக்கிறது என்றார். எந்தப் புருவம் என்று அவரும் சொல்லவில்லை, கேட்டவர்களும் கேட்கவில்லை.

பால்வண்ணநாதன் தன் காலைச் சினிமாக் கொட்டகையில் வைப்பாரா? மாட்டார். "எண்ணெய்க்கடைக்காரன் கண்ணை நம்பி நான் மெட்ராஸுக்கு ஆள் அனுப்பணுமாக்கும்? கட்டினவ இருக்கால்லா, அவ பாத்துச் சொல்லட்டும். அவ ஆமான்னா நாளைக்கே ஆள் போகும்" என்றார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். "வண்டியை விட்டு இறங்கக் கூடாது. டெண்டுக்குள்ள கால் படக் கூடாது."

மறுநாள் கடைசி நாள். மத்தியானமே ஞானசம்பந்தம் என் பெட்டிக்கு வந்து, அந்த இடம் வரும்போது படத்தைக் கொஞ்சம் நிறுத்திக் காட்ட முடியுமா என்று கேட்டார். நிறுத்தினால் சூட்டில் ஃபிலிம் பொத்துப்போகும், முடியாது என்றேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, அரசவைக் காட்சி கிட்டத்தட்ட ஒரு ரீல் முழுக்க வருகிறது, நன்றாகவே பார்க்கலாம் என்று தைரியம் சொன்னேன். எதற்காகக் கேட்கிறார் என்று எல்லாவற்றையும் சொன்னார். கேட்டேன், பாவம் என்றேன். அந்த வண்டி திரைக்கு எந்தப் பக்கம் வந்து நிற்கும் என்று என் மரமண்டைக்குத் தோன்றவில்லை. தினம் நாற்பது வண்டி அங்கேதானே நிற்கிறது.

முத்துவடிவு அதுவரை சினிமாவே பார்த்ததில்லை. அவள் பார்த்த முதல் படம் அது. படுதாவை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தாளாம். படத்தில் ஒரு விருந்து வந்தது. எல்லாரும் இடதுகையால் சாப்பிடுவதைப் பார்த்து, "இது என்ன அக்கா?" என்று கேட்டிருக்கிறாள். சொக்கம்மாள், "சினிமாக்காரனுவ அப்படித்தாண்டி, ஊருக்கே தெரியும். நீ ராசா பக்கத்துல பாரு" என்று சொல்லிவிட்டாள்.

அரசவை வந்தது. சாமரக்காரன் நின்றான். பேசவில்லை, அசையவில்லை, கை மட்டும் மேலும் கீழும் போய் வந்தது. அந்த நிற்கிற நிலை, கழுத்தைக் கொஞ்சம் சாய்த்தாற்போல இருக்கிற அந்த நிலை, அவளுக்குத் தெரிந்த நிலையாம். "அவுகதான்" என்று வாய்வரை வந்துவிட்டதாம். அப்போது கேமரா கிட்டே வந்தது. புருவம் தெரிந்தது. வெட்டும் தெரிந்தது. வலது புருவத்தில்.

நீங்களே அவளிடத்தில் இருந்து பாருங்கள். எட்டு மாசம் கூட வாழ்ந்த முகம். பன்னிரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஒட்டுமீசை. கையில் இருக்கிற ஒரே சாட்சி அந்த வெட்டு, அதுவோ பக்கம் மாறி நிற்கிறது. முகம் தெரியாத ஊரான் ஒருத்தனைப் பார்த்து இவர்தான் என் புருஷன் என்று சொல்லிவிட்டு, மெட்ராஸுக்கு ஆள் போய், அவன் வேறு யாரோ என்று ஆகிவிட்டால்? அந்த வீட்டில் பிறகு அவள் எந்த முகத்தோடு சோறு தின்பாள்? அன்னிய புருஷனைத் தன் புருஷன் என்று சொன்னவள் என்ற பேரை எந்த ஆற்றில் போய்க் கழுவுவாள்? ரீல் முடிந்து விளக்குப் போட்டோம். சொக்கம்மாள் அவள் கையைப் பிடித்து, "என்னட்டி?" என்றாள்.

"இல்லக்கா. அவுக இல்ல."

அவ்வளவுதான். ஏன் இல்லை என்று அவள் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. கட்டினவளே இல்லை என்றபிறகு எண்ணெய்க்கடைக்காரர் பேச என்ன இருக்கிறது? அவர் என்னிடம் வந்து, "இல்லன்னுட்டாக வே" என்றார். "போகட்டும், நல்லதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு நான் ரீலைச் சுற்றிப் பெட்டியில் அடைத்தேன். மறுநாள் படம் சங்கரன்கோவிலுக்குப் போய்விட்டது.

தை மாசம் சிற்றாற்றங்கரையில் தர்ப்பை உருவத்துக்குக் கொள்ளி வைத்தார்கள். தாலியை இறக்கும்போது அவள் அழவில்லையாம். அதுவும் ஊருக்குப் பேச்சாகிவிட்டது. அழுதிருந்தாலும் பேசியிருப்பார்கள்.

இனி அறுபத்துநாலாம் வருஷத்துச் சாரல் காலம். முதலாளிக்குப் புதுக்கிறுக்குப் பிடித்தது. குற்றாலத்துக்குச் சீசனுக்கு மோட்டாரில் வருகிறவர்கள் சாயங்காலமானால் பொழுது போகாமல் பங்களாவில் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு ஏன் நாம் படம் காட்டக்கூடாது என்றார். ஐந்தருவி ரோட்டில் ஒரு சரிவான மைதானத்தைப் பிடித்தார். டெண்டு கிடையாது, கூரை கிடையாது. கீழ்க்கோடியில் திரை. மேலே லாரியின் மேல் தகரம் போட்டு என் புரொஜெக்டர். ரெண்டு மருதமரத்தில் குழாய் ஒலிபெருக்கி. காரை அப்படியே கொண்டுவந்து வரிசையாக நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கிக்கொண்டு உள்ளே இருந்தபடியே பார்க்கலாம். சாரல் அடித்தால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, துடைத்துத் துடைத்துப் பார்க்கலாம். காரில்லாதவர்கள் மாட்டுவண்டியில் வந்து கார்களுக்குப் பின்னால் நிற்கலாம். "மெட்ராஸில்கூடக் கிடையாது" என்று நோட்டீஸ் அடித்தார். ஒரு வாரத்தில் ரோடே அடைத்துப்போனது. சின்னப்பிள்ளைகளெல்லாம் கார் மேற்கூரையில் ஏறி உட்கார்ந்துகொண்டு கரடி மாதிரி நனைந்தன.

புதுப்படம் எங்களுக்குக் கிடைக்காது. பழைய பெட்டிகள்தான். ஆடி அமாவாசைக்கு வந்து இறங்கின பெட்டியைத் திறந்து பார்த்தேன். அதே ராஜா கதை.

அன்று காலையில் பால்வண்ணநாதன் குடும்பத்தோடு குற்றாலத்துக்கு வந்து, அருவிக்கரையில் செத்துப்போன தம்பி பேரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, உறவுக்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் ஆய்க்குடிக்குக் கிளம்பியிருக்கிறார். வண்டி எங்கள் மைதானத்தைத் தாண்ட முடியவில்லை. முன்னாலும் கார், பின்னாலும் கார். பெரியவர் வண்டிக்கு முன்னால் வண்டிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து, திரை இருக்கிற திசைக்கே முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே முத்துவடிவும் சொக்கம்மாளும். வண்டியின் பின்வாசல் திரையைப் பார்த்தபடி நின்றது. இந்தத் தடவை திரைக்கு முன்பக்கமாக.

அரசவை வந்தது.

லாரி மேல் நின்ற எனக்கு முதலில் தெரிந்தது ஒரு வெள்ளைச் சேலை. கார்களுக்கு நடுவே புகுந்து புகுந்து நனைந்துகொண்டே போயிற்று. வெளிச்சத்துக்குக் குறுக்கே வந்ததும், "ஏ, யாரும்மா அது, மறைக்காதே!" என்று ஹாரன் அடித்தார்கள். அவள் நேரே திரைக்கு முன்னால் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். பிறகு திரையைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். சாரலில் நனைந்த துணி, பின்னாலும் நன்றாகவே தெரிந்திருக்கும். மறுபடி முன்னால் வந்தாள். மறுபடி பின்னால் போனாள். முகம் பார்த்ததில்லை என்றாலும், அந்தச் சாமரக்காரனுக்காக இப்படி அலைகிறவள் வேறு யாராக இருக்கும்? எனக்கு அப்போதுதான் யாரென்று பிடிபட்டது. பிடிபட்ட அந்த நொடியில், அன்றைக்கு வண்டி எந்தப் பக்கம் நின்றது என்பதும் புத்தியில் உறைத்தது. அட முருகா! கார்பன் குச்சியைச் சரிபண்ண மறந்துவிட்டேன். திரை அப்படியே இருண்டுபோனது. ஒரே கூச்சல்.

அந்தக் கூச்சலுக்கிடையில் அவள் லாரிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தில் வழிந்தது மழையா என்னவென்று தெரியவில்லை.

"அண்ணாச்சி, அந்தப் பக்கம் போனா வெட்டு வலது புருவத்துல இருக்கு. இந்தப் பக்கம் வந்தா இடதுல இருக்கு. எது நிசம்?"

"முன்பக்கம் பாக்கதுதாம்மா நிசம். பின்னால நின்னா எல்லாமே பக்கம் மாறித்தான் தெரியும்."

"இது எல்லாத்துக்கும் தெரியுமா?"

"சினிமா ஆளுகளுக்குத் தெரியும்."

"உங்களுக்கு?"

"தெரியும்மா."

"பிறவு எனக்கு ஏன் யாருமே சொல்லல?"

நான் என்ன சொல்வேன்? சிரிப்பதற்காக வைத்திருந்தோம் என்றா?

பெரியவர் குடையோடு வந்து சேர்ந்தார். அவள் அன்றுதான் முதல்முறையாக மூத்தார் முகத்துக்கு நேரே பேசினாள். "அது அவுகதான். நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன். ஆள் அனுப்புங்க" என்று கும்பிட்டாள். அவர் திரையின் பக்கம் திரும்பவே இல்லை. "காலையிலதான் எள்ளுந்தண்ணியும் இறைச்சுட்டு வந்திருக்கேன். கருமாதி ஆனவனுக்கு வீடு கிடையாது. அன்னைக்கு நீதானம்மா இல்லன்ன? போ, வண்டியில ஏறு" என்றார். கல்நெஞ்சக்காரர் என்று நான் அவரை வெகுநாள் திட்டியிருக்கிறேன். ஆனால் வண்டிவரை குடையை அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அவர் நனைந்தபடி போனதையும் பார்த்தேன். பார்த்ததைச் சொல்லத்தானே வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஐந்தருவிக்குக் குளிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுச் சொக்கம்மாளும் அவளும் என்னைத் தேடி வந்தார்கள். மெட்ராஸுக்கு எழுதச் சொன்னாள். படப்பெட்டியில் இருந்த விலாசத்துக்கு நான் எல்லாவற்றையும் விவரமாக எழுதினேன். சாமரக்காரன் பெயர் காந்திமதிநாதன், ஊர் ஆய்க்குடி, இடது புருவத்தில் வெட்டு, மனைவி உயிரோடு காத்திருக்கிறாள். 'இடது' என்பதன் கீழே ரெண்டு கோடு போட்டேன். பிறகு வாராவாரம் சொக்கம்மாள் ஏதாவது சாக்கு வைத்து வண்டி கட்டிக்கொண்டு வருவாள். முத்துவடிவு இறங்கிவந்து, என் கையைத்தான் முதலில் பார்ப்பாள். கையில் ஒன்றும் இருக்காது. அந்த ரெண்டு மாசத்தில் அவள் முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருந்தது. ஒருநாள், கருமாதி ஆன ஆள் திரும்பி வந்தால் அதற்கு ஏதாவது பரிகாரம் உண்டா, யாரிடம் கேட்கலாம் என்று என்னிடம் கேட்டாள். புருவத்துப் பிளவைப் பற்றிச் சொன்னதும் அன்றைக்குத்தான்.

ஐப்பசியில், நாங்கள் இலஞ்சி ரோட்டுக்குத் திரும்பிவந்த பிறகு, பதில் வந்தது. கம்பெனிக்காரர்கள் எழுதவில்லை. அவர்கள் கொடுத்தனுப்பின என் கடிதத்தைப் பார்த்துவிட்டு, கோடம்பாக்கத்தில் துணை நடிகர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டுக்கொண்டிருந்த சுகிர்தம் என்ற அம்மாள் எழுதியிருந்தாள். அவளும் நம் சீமைக்காரிதான். நான் தனியாக ஒருதடவை படித்தேன். படித்துவிட்டு, முத்துவடிவு வரக்கூடாது, இந்த வாரம் மழை கொட்டட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மழை வரவில்லை, அவள்தான் வந்தாள். என் கையைப் பார்த்தாள், காகிதம் இருந்தது.

"படிங்க அண்ணாச்சி."

படித்தேன். "நாதன் அண்ணன் என் வீட்டு மாடியில் ஒன்பது வருஷம் இருந்தார். வசனம் பேசுகிற வேஷம் ஒன்றே ஒன்று கிடைக்கட்டும், அன்றைக்கே ஊருக்குப் போய்விடுவேன் என்பார். கடைசிவரை கிடைக்கவில்லை. நிற்கிற வேஷம்தான். அறுபத்திரண்டு மாசியில் உங்கள் பக்கத்து ஆள் ஒருவர் இங்கே வந்தார். ஊரில் உமக்குக் கருமாதியே ஆகிவிட்டது என்று சொன்னார். அதற்கு அண்ணன் சிரிக்கத்தான் செய்தார். இனிமேல் வேஷம் எதற்கு, நாளைக்கே போய் வாசலில் நிற்கிறேன், பேய் என்று ஓடட்டும் என்றார். பெட்டியைக்கூட எடுத்து வைத்தார்."

அங்கே நிறுத்திவிட்டேன். கீழே இன்னும் நாலு வரி இருந்தது. மடித்துப் பையில் வைத்துவிடலாமா என்று நினைத்தேன். எழுத்துத் தெரியாதவள், நான் சொல்வதுதான் அவளுக்குக் கடிதம். ஆனால் ஏற்கெனவே ஒருதடவை சொல்லாமல் விட்டவன் நான்.

"இன்னும் இருக்குல்லா?" என்றாள்.

படித்தேன். "பிறகு அந்த ஆள், உம்ம வீட்டம்மாவே படத்தில் உம்மைப் பார்த்துவிட்டு, இது அவர் இல்லை என்று சொல்லிவிட்டார்களே என்றார். அதற்கப்புறம் அண்ணன் சிரிக்கவில்லை. தன்னைப் பார்த்ததை ஊரில் சொல்லக்கூடாது என்று அந்த ஆளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, எடுத்துவைத்த பெட்டியைப் பிரித்துவிட்டார். ஊர்ப் பேச்சே எடுக்கமாட்டார். போன சித்திரையில் மஞ்சள்காமாலை வந்தது. நாங்கள்தான் எடுத்துப் போட்டோம்."

முறுக்குக்காரன் எங்களைத் தாண்டிப் போனான். அவள் விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டு நின்றாள்.

"போன சித்திரைன்னா, இந்த ஆடிக்குக் கொடுத்த தண்ணி மட்டுந்தான் சரி. அதுக்கு முந்தி ரெண்டு ஆடிக்கும் உசிரோட இருந்தவுகளுக்கு எள்ளு எறைச்சிருக்கோம்."

படப்பெட்டியைத் திருப்பி அனுப்புமுன், அந்த ரீலிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்து வைத்திருந்தேன். செய்யக்கூடாத வேலைதான். நாலு படம் இருக்கும், நகத்தளவு ஒவ்வொன்றும். அவளிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள்.

"இதுலயும் ரெண்டு பக்கமும் தெரியுதே. எந்தப் பக்கம் அண்ணாச்சி?"

கத்தரியை எடுத்து மேல் மூலையைக் கொஞ்சம் வெட்டிக் கொடுத்தேன். வெட்டின மூலை வலது கைப்பக்கம் இருந்தால் சரி என்று சொன்னேன். அப்படியே பிடித்து வெகுநேரம் பார்த்தாள். அந்தத் துளியூண்டு முகத்தில் புருவம் எங்கே தெரியப்போகிறது? பிறகு முந்தியில் முடிந்துகொண்டாள்.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றாள். "சாகையில அவுக, நான் வேண்டாம்னுதான் அப்பிடிச் சொன்னேன்னு நெனச்சுக்கிட்டேதான போயிருப்பாக?"

"இல்லம்மா" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"நானும் அன்னைக்கு இப்படித்தான் அண்ணாச்சி, இல்லன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டேன்."

சொக்கம்மாள் வண்டிக்குள்ளிருந்து கூப்பிட்டாள். அவள் போய் ஏறிக்கொண்டாள்.